ஒத்துக்கொண்டு தோற்கடித்தவன்

அநியாயம் நடந்தது எனக்குத்தான், டீச்சர். செய்தவன் என் கூடப்பிறந்த தம்பி. நான் ஜெயித்துக் கையில் வைத்திருந்த பட்டிமன்றத்தை ஊர் முன்னால் ஒரே வரியில் தோற்கடித்தான். அது முதல் அநியாயம். ஐ.டி.ஐ.யில் சேர வருகிறேன் என்று தன் வாயால் சொல்லிவிட்டு, சேர்க்கைக்குக் கடைசி நாளான இன்றைக்குப் பஸ்ஸில் வராமல் நின்றுவிட்டான். அது இரண்டாவது. ஏன்டா என்று கேட்டேன். அதற்கு அவன் ஒரு பதில் சொன்னான். அது ஒரு பதிலா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். இப்போது இல்லை, முழுக்கக் கேட்டுவிட்டு.

நீங்கள் உட்கார்ந்திருக்கிற இந்த இடம் அவனுக்காக நான் துப்பட்டா போட்டுப் பிடித்து வைத்தது. ஏறினதும் "ஆள் வருதா?" என்று கேட்டீர்களே, ஆள் வராது டீச்சர். எங்கள் ஊரில் ஆம்பளை ஆள் எதற்கும் வராது.

டீச்சர் என்று எப்படிக் கண்டுபிடித்தேன் என்றா? விரலில் சிவப்பு மை. ஆண்கள் மேல்நிலைப் பள்ளியா? அப்படியானால் உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. இருந்தாலும் விளக்குகிறேன்.

எங்கள் ஊர் கீழப்புளிக்குளம். ஊருக்குள் நுழைகிற இடத்தில் ஓடைப் பாலம். அந்தப் பாலத்துச் சுவரில்தான் எங்கள் ஊர் வீரர்கள் காலையில் பல் விளக்கிய கையோடு வந்து உட்காருவது. பல் விளக்கியிருந்தால். ஒவ்வொருத்தன் கையிலும் போன், போனுக்குள் துப்பாக்கி. "ஏல, பின்னால வாரான், பின்னால வாரான், சுடுல!" என்று தொண்டை கிழியக் கத்துவான்கள். உண்மையிலேயே பின்னால் வருவது அவனைப் பெற்றவளாக இருக்கும், ரேஷன் அரிசியைத் தலையில் சுமந்துகொண்டு. திரும்பிப் பார்க்க மாட்டான்.

இதற்கு ஒரு மன்றம் வேறு. இளஞ்சிங்கங்கள் நற்பணி மன்றம். நற்பணி என்ன என்று இதுவரை யாருக்கும் தெரியாது. ஆனால் பிளெக்ஸ் உண்டு. கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆளுக்கொரு திசையைப் பார்ப்பான்கள். நடுவில் ஒரு நிஜச் சிங்கத்தையும் நிற்க வைத்திருப்பான்கள், பாவம், அது என்ன பாவம் செய்ததோ. "அகவை காணும் அடலேறே!" என்று எழுதியிருக்கும். அடலேறு யார்? லிங்கதுரை. பத்தாவதில் கணக்கை மறுபடி மறுபடி எழுதி, கணக்குக்கே அலுத்துப்போன லிங்கதுரை.

காலை ஏழரை பஸ்ஸைப் பாருங்கள். எங்கள் தெருவில் ஒருத்தி நர்ஸிங், ஒருத்தி பி.காம்., எதிர்வீட்டு வேம்பு பாலிடெக்னிக்கில் சிவில். மொத்தப் பஸ்ஸும் தலையில் ஈரம் காயாத பெண்பிள்ளைகள். ஆண் என்று பார்த்தால் டிரைவரும் கண்டக்டரும். பஸ் பாலத்தைத் தாண்டும்போது எங்கள் ஊர் ஆண்குலம் சுவரில் இருந்தபடி எங்களுக்குக் கை காட்டி வழியனுப்பும். அவ்வளவுதான் நாட்டுக்கு அவர்கள் பங்களிப்பு.

கோபத்தில் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு இது பாடம். சமூகவியல் எம்.ஏ. இரண்டாம் வருடம். என் ஆய்வேடே இதைப் பற்றித்தான்: ஆண்பிள்ளைகள் ஏன் பள்ளிக்கூடத்தை விட்டு, வேலையை விட்டு, ஊரை விட்டு, ஊருக்குள்ளேயே இருந்துகொண்டு விலகிப் போகிறார்கள்? பக்கத்து ஊர்களில் நிறையப் பையன்களைப் பேட்டி எடுத்திருக்கிறேன். எங்கள் துறையில் அதற்குக் கறாரான நெறி உண்டு. வாயைத் திறக்கும் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்: தம்பி, நீ சொல்வது எதுவும் வெளியே போகாது, பேரை மாற்றித்தான் எழுதுவேன், பிடிக்காவிட்டால் பாதியில் எழுந்து போகலாம். அதைச் சொன்னதும் மடை திறந்த மாதிரிப் பேசுவான்கள். ஒருத்தன் அழவே செய்தான். "செண்பகவல்லி, உன்னிடம் வந்தால் எவனும் மனதைக் கொட்டுகிறான், அது ஒரு வரம்" என்று எங்கள் பேராசிரியர் வகுப்பிலேயே சொன்னார்.

ஊரான் பிள்ளைகள் எல்லாம் கொட்டினார்கள். வீட்டில் இருக்கிறதே ஒன்று, அதன் வாயில் இருந்து மூன்று சொல்தான் வரும்.

பேர் முப்பிடாதி. எங்கள் ஊர் அம்மன் பேர்தான். பத்தொன்பது வயது, ஆறடி உயரம். பிளஸ் ஒன் பாதியில் நின்றான். ஏன்டா நின்றாய் என்றால், "பிடிக்கல." திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அனுப்பினோம். போன பஸ்ஸின் சூடு ஆறும் முன்னால் திரும்பி வந்தான். ஏன் வந்தாய் என்றால், "செட் ஆவல." சங்கரன்கோவிலில் எங்கள் சித்தப்பா பழக்கடை வைத்திருக்கிறார், அங்கே போய் நில்லேன் என்றால், "பாப்போம்." பிடிக்கல, செட் ஆவல, பாப்போம். மூன்று சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் ஆயுசை ஓட்டிவிடலாம் என்று நினைக்கிறான், டீச்சர்.

நாங்கள் அவனுக்கு என்ன குறை வைத்தோம்? பத்தாவது பாஸானதும் தமிழ் மீடியத்திலேயே ஏதாவது குரூப் எடுக்கிறேன் என்று முனகினான். நான்தான் பள்ளிக்கூடம் வரை போய்ச் சண்டை போட்டு, இங்கிலீஷ் மீடியத்தில் கம்ப்யூட்டர் குரூப்பில் சேர்த்துவிட்டேன். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் அவனோடு விவாதித்தேன். உலகம் எங்கே போகிறது, தமிழ் மீடியத்தில் படித்தவன் கதி என்ன, எல்லாம் எடுத்துச் சொன்னேன். ஒன்றுக்கும் அவனால் பதில் சொல்ல முடியவில்லை. பதில் சொல்லவில்லை என்றால் ஒத்துக்கொண்டான் என்றுதானே அர்த்தம்?

எங்கள் அம்மாவும் ஒரு காரணம். முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே, "ஏட்டி, அவன விடு. அவன் மனசுல என்ன கெடக்கோ" என்பாள். மனசில் ஒன்றும் கிடக்கவில்லை, கிடப்பது பாயில்தான் என்பேன். அவன் தின்ற தட்டை இவள்தான் கழுவ வேண்டும். வாரக் கடைசியில் ஹாஸ்டலில் இருந்து நான் கொண்டுவருகிற துணி மூட்டையைத் துவைக்கிறாள், என் தலைக்கு எண்ணெய் காய்ச்சுகிறாள், அதற்கு நடுவில் இந்தத் துரைக்குத் தட்டும் கழுவ வேண்டும். அவளுக்கு இரண்டு கைதானே? அப்பா கேரளாவில் டீக்கடையில் நிற்கிறார், பொங்கலுக்கும் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கும் வருவார். கேட்க ஆள் இல்லாத வீடு. நான்தான் கேட்க வேண்டும். கேட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவனைக் குளத்தங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். செவ்வாய்க்கிழமை கொடை, அன்றைக்குச் சாயங்காலம் பட்டிமன்றம். வெள்ளிக்கிழமை, அதாவது இன்றைக்கு, ஐ.டி.ஐ. சேர்க்கைக்குக் கடைசி. இந்த வருடத்தை விட்டால் அவன் கதை முடிந்தது. அடுத்த வருடம் நான் எங்கே இருப்பேனோ, யார் இவனை இழுத்துக்கொண்டு அலைவார்? பாலத்துச் சுவரிலேயே பாசி பிடித்துப் போவான். அதனால் அன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று போனேன்.

போனால், எனக்குக் குரல் இல்லை. பட்டிமன்றத்துக்குப் பயிற்சி எடுத்து எடுத்துத் தொண்டை சுத்தமாகக் கட்டிவிட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. நானும் அவனும் மதகுக் கல்லில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து, நான் எதுவும் கேட்காமலே, அவனாகப் பேச ஆரம்பித்தான். தற்செயல்தான்.

"எக்கா, ஐ.டி.ஐ.ல இங்கிலீஸ் வாசிக்கச் சொல்லுவாங்களா?" என்றான். எனக்குச் சிரிப்பு. தலையை மட்டும் ஆட்டினேன், இல்லை என்று. அப்புறம் மெதுவாகச் சொன்னான். பிளஸ் ஒன்னில் பிசிக்ஸ் சார் ஒரு நாள் இவனை எழுப்பிப் பாடத்தை வாசிக்கச் சொல்லியிருக்கிறார். இரண்டாவது வரியில் ஒரு வார்த்தை. முட்டி முட்டிப் பார்த்திருக்கிறான், வரவில்லை. "நீ ஆறாம் வகுப்புல போயி வாசிச்சுப் பழகிட்டு வா" என்றாராம். எல்லாரும் சொல்வதுதானே? இந்தச் சார் நிஜமாகவே கையைப் பிடித்துக்கொண்டு போய் ஆறாம் வகுப்பில் உட்கார வைத்துவிட்டார். சின்னப் பிள்ளைகள் பெஞ்சு. முழங்கால் உள்ளே போகவில்லை, காலை வெளியே நீட்டிக்கொண்டு சாயங்கால மணி அடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் இருந்த பொடிப்பயல், "அண்ணே, இது இப்பிடி வாசிக்கணும்" என்று விரலை வைத்துச் சொல்லிக்கொடுத்தானாம். "அவன் நல்ல பயக்கா, கேலியாச் சொல்லல" என்றான் இவன். மறுநாளில் இருந்து பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவது, வாய்க்கால் கரையில் சாயங்காலம் வரை உட்கார்ந்துவிட்டு வருவது. அப்புறம் பையையும் விட்டுவிட்டான்.

ஏன் டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள்? வெயிலா? இருங்கள், ஷட்டரை இறக்கிவிடுகிறேன்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? பாலத்துச் சுவரில் இவன் சொல்லி வைத்திருந்த கதையே வேறு. சாரை டஸ்டரால் எறிந்துவிட்டு, "போரும்யா உம்ம படிப்பு" என்று வெளியே வந்தானாம். அந்தக் கதைக்காகத்தான் லிங்கதுரை கூட்டம் இவனுக்கு அவ்வளவு மரியாதை கொடுத்தது. சுவரில் நடு இடம். பொய்யில் கட்டின மரியாதை.

"யார்ட்டயும் சொல்லிராதக்கா" என்றான். சொல்ல மாட்டேன் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை, அதை நீங்கள் கவனிக்க வேண்டும். தொண்டை கட்டியிருந்தது. தலையைத்தான் ஆட்டினேன்.

எழுந்திருக்கும்போது, "நீ கூட வாறதா இருந்தா வெள்ளிக்கிழம வாரேன். ஏ.சி. மெக்கானிக் இருந்தாச் சொல்லு" என்றான். அவன் வாயில் இருந்து "வாரேன்" என்று ஒரு சொல் வந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் பீடி இலையைக் கீழே வைத்துவிட்டு அம்மன் கோயில் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

சரி, பட்டிமன்றத்துக்கு வருகிறேன்.

தலைப்பு, "வீட்டுக்கும் ஊருக்கும் பொறுப்பாக இருப்பவர்கள் பெண்பிள்ளைகளா, ஆண்பிள்ளைகளா?" நடுவர், புலவர் ஆவுடைநாயகம். ஓய்வுபெற்ற தமிழய்யா, துண்டைச் சரி செய்யவே பாதி நேரம் ஆகும். பெண்பிள்ளைகள் அணியில் வேம்பு, நர்ஸிங் படிக்கிற கோமு, தலைமை நான். ஆண்பிள்ளைகள் அணியில் யார் தெரியுமா? கொடைக் கமிட்டித் தலைவர் சண்முகவேல் மாமா, வயது அறுபது. போஸ்ட் ஆபீஸில் இருந்து ஓய்வுபெற்ற இன்னொருத்தர். மூன்றாவது நாற்காலி காலி. ஆண்பிள்ளைகளுக்காகப் பேச ஒரு ஆண்பிள்ளை வரவில்லை, டீச்சர்! வீடு வீடாகக் கேட்டார்களாம். "பாப்போம்" என்றார்களாம். அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தபோதே நான் பாதி ஜெயித்துவிட்டேன்.

அன்றைக்கு என் குரல் திரும்பியிருந்தது. எடுத்த எடுப்பிலேயே நாற்காலியைக் காட்டினேன். "நடுவர் அவர்களே, எதிரணியின் மூன்றாவது பேச்சாளர் மிகச் சிறப்பாகப் பேசிக்கொண்டிருக்கிறார்" என்றேன். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அப்புறம் சப்பரம். எங்கள் ஊரில் அம்மன் சப்பரத்தை இளவட்டங்கள்தான் தோளில் தூக்கும், அது வழக்கம். இந்த வருடம் தோள் கொடுக்க ஆள் வரவில்லை என்று டிராக்டரில் ஏற்றிச் சுற்றினார்கள். "அம்மனுக்கே ஆள் கிடைக்கலை, பெற்ற அம்மாவுக்கா கிடைக்கப் போகிறது?" என்றேன். அதற்கு விழுந்த கைதட்டலில் மைக் செட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

இந்த இடத்தில் எந்தப் பேச்சாளரும் ஒரு உதாரணம் வைத்தாக வேண்டும். பொதுவாகப் பேசினால் பொத்தாம்பொதுவாகப் போய்விடும். ஊரான் வீட்டுப் பையனைச் சொன்னால் நாளைக்கு அவன் அம்மா சண்டைக்கு வருவாள். நான் பேட்டி எடுத்த பையன்களைச் சொல்லக்கூடாது, அதற்கு நெறி தடுக்கிறது. என் தம்பியைச் சொல்ல எனக்கு யார் அனுமதி வேண்டும்? அவன் ஆய்வுக்கு உட்பட்டவன் இல்லையே.

சொன்னேன். மூன்று சொல் மன்னன் என்று ஆரம்பித்தேன். திருப்பூர் போனதைச் சொன்னேன். கடைசியாக ஆறாம் வகுப்பு. சொன்னதோடு நடித்தும் காட்டினேன். முழங்காலை மடக்கி, பெஞ்சுக்குள் நுழைய முடியாமல் ஆறடி ஆள் தவிக்கிறது, பக்கத்தில் மூக்கு ஒழுகுகிற பொடியன், "அண்ணே, இது இப்பிடி!" நடுவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சண்முகவேல் மாமா, எதிரணித் தலைவர், அவரே வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு வாங்கின கைதட்டலிலேயே அதுதான் பெரிசு. என்னால் மேலே பேச முடியவில்லை, கூட்டம் அடங்கினால்தானே? கூட்டத்துக்குப் பின்னால் லிங்கதுரை, "ஏல ஆறாப்பு! டஸ்டர எறிஞ்சேன்னியேல!" என்று ஊளையிட்டான்.

ஏன் அதைச் சொன்னாய் என்கிறீர்களா? டீச்சர், ரோஷம் வர வேண்டாமா? அமுக்கி வைத்த புண் ஆறாது, கீறிவிட வேண்டும். சீ, இந்த ஊர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டதே, படித்துக் காட்டுகிறேன் பார் என்று ஒரு ஆண்மகனுக்குத் தோன்ற வேண்டாமா? எனக்குத் தோன்றியிருக்கும். என்னை யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் மேடையை இரண்டாக்கியிருப்பேன்.

அதற்கும் வாய்ப்புக் கொடுத்தேன். நியாயமாகத்தான் நடந்துகொண்டேன். "அந்த ஆறடி மாணவர் இதோ சர்பத் கடை ஓரமாகத்தான் நிற்கிறார். நான் சொன்னதில் ஒன்றையாவது மறுக்க முடிந்தால் மேடைக்கு வரட்டும். நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது!" என்று முடித்தேன்.

வந்தான்.

நான் எதிர்பார்க்கவில்லை. கூட்டம் வழி விட்டது. மடித்துக் கட்டியிருந்த கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு படியேறினான். நடுவர், "வா தம்பி, வா, ஆண்பிள்ளைகள் மானத்தைக் காப்பாத்து" என்று மைக்கைக் கையில் கொடுத்தார். இரண்டு கையாலும் வாங்கினான். எனக்குள் ஒரு சந்தோஷம், டீச்சர், பொய் சொல்ல மாட்டேன். பேசப் போகிறான், என் தம்பி பேசப் போகிறான், அவன் என்ன சொன்னாலும் அதற்கு என்னிடம் பதில் இருந்தது. நாலைந்து பதில் இருந்தது. குறிப்பெடுக்கப் பேனாவைக்கூடத் திறந்துவிட்டேன்.

"எக்கா சொன்னதெல்லாம் சரிதான்" என்றான்.

அவ்வளவுதான். மைக்கை நடுவர் மேஜையில் சத்தம் வராமல் படுக்க வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டான்.

முன்வரிசையில் கோமுவின் அம்மா, "ஏட்டி, கூடப்பொறந்த பயலயா?" என்றாள் என்னைப் பார்த்து. அதற்கு முன் நிமிஷம்தான் அவள் சிரித்துச் சிரித்துப் புரை ஏறித் தலையில் தட்டிக்கொண்டிருந்தாள்! அப்புறம் ஆளாளுக்கு "ச்சு, ச்சு." யாரோ ஒருத்தி கண்ணைத் துடைக்கிறாள். புலவர் எழுந்தார், துண்டைச் சரி செய்தார். தீர்ப்பு என்ன தெரியுமா? "பொறுமை என்பது பொறுப்பின் மூத்த பிள்ளை. இந்த மேடையில் அதிகப் பொறுப்போடு நடந்துகொண்டது யார் என்று பார்த்தால், ஒரு வரி பேசிய அந்தத் தம்பிதான். ஆகவே ஆண்பிள்ளைகளே!"

நீங்கள் படித்தவர், நீங்களே சொல்லுங்கள். எதிரணிக்காரன் மேடைக்கு வந்து நான் சொன்னதெல்லாம் சரி என்று ஒத்துக்கொண்டான். ஒத்துக்கொண்டால் ஜெயித்தது யார்? உலகத்தில் எந்த நீதிமன்றத்திலாவது, குற்றத்தை ஒத்துக்கொண்டான் என்று அவனை விட்டுவிட்டு, குற்றம் சாட்டியவளைப் பிடித்து உள்ளே போடுவார்களா? புலவரிடம் மேடையிலேயே கேட்டேன். "அம்மா, நீ நல்லாப் பேசுதே" என்றார். நன்றாகப் பேசினால் பரிசு கொடுக்க வேண்டியதுதானே! குத்துவிளக்குப் பரிசு. சண்முகவேல் மாமா வாங்கிக்கொண்டு போனார். இரண்டு வார்த்தை ஒழுங்காகப் பேசாத மனுஷன்.

எதிர்த்துப் பேசுகிறவனை ஜெயிக்கலாம், டீச்சர். ஒத்துக்கொள்கிறவனை என்ன செய்ய? அது கோழைத்தனம். விவாதத்தில் இருந்து ஓடிப்போவதற்கு அதைவிடச் சுலபமான வழி கிடையாது. படிப்பில் இருந்து ஓடினான், வேலையில் இருந்து ஓடினான், இப்போது பேச்சில் இருந்தும் ஓடிவிட்டான்.

வீட்டுக்கு வந்து அம்மா என்னோடு பேசவில்லை. அப்பா, கொடைக்கு வந்திருந்தவர், மறுநாள் காலையில் சீக்கிரமே கிளம்பிவிட்டார். அவர் இவன் தோளில் கையை வைத்து ஏதோ சொல்ல வந்தார், சொல்லவில்லை. எங்கள் வீட்டு ஆண்களுக்கு எல்லாம் இதே வியாதிதான்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், என் பேச்சு ஒரேயடியாக வீண் போகவில்லை. புதன்கிழமையில் இருந்து அவன் பாலத்துச் சுவருக்குப் போகவில்லை. சுத்தமாக விட்டுவிட்டான். எத்தனை வருடமாக அம்மா கெஞ்சியும் நடக்காதது! அந்தப் பக்கம் போனால் "ஆறாப்பு வாராம்ல" என்று கத்துகிறான்கள், இப்போது சின்னப் பயல்கள்கூடக் கத்துகிறார்கள், அதனால் போகவில்லை. காரணம் எதுவானால் என்ன, விட்டானா இல்லையா? போனையும் அணைத்து வைத்துவிட்டான். வீட்டுக்குப் பின்னால் ஆட்டுக்கொட்டகைப் பக்கம் கட்டிலைப் போட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறான். அம்மா தட்டை அங்கே கொண்டுபோய் வைக்கிறாள். அதுவும் பாதி அப்படியே திரும்பி வருகிறது.

அங்கே போய் நின்று இரண்டு நாளும் பேசினேன். "பாரு முப்பிடாதி, நான் உன் நல்லதுக்குத்தான் சொன்னேன், இதில் அவமானம் எங்கே இருக்கிறது, வாசிக்கத் தெரியாதது உன் குற்றமா, அமைப்பின் குற்றம், இதைத்தான் எங்கள் பாடத்திலேயே..." என்று முழுக்க எடுத்துச் சொன்னேன். என் தரப்பு, அவன் தரப்பு, இரண்டையும் நானே பேசினேன். அவன் தரப்பை அவனைவிட நன்றாகவே பேசினேன் என்றுதான் நினைக்கிறேன். ஆடு கூட ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. அவன் பார்க்கவில்லை.

இன்றைக்குக் காலையில் நான் கிளம்பி வாசலுக்கு வந்தால், வண்டியைத் துடைத்து வைத்திருக்கிறான். தலை சீவியிருக்கிறான், வெளுத்த சட்டை. அம்மா கதவுக்குப் பின்னால் இருந்து எனக்குக் கண்ணைக் காட்டுகிறாள், வாயை மூடிக்கொண்டிரு என்று. மூடிக்கொண்டுதான் வந்தேன், பாதி வழி வரைக்கும். என் துணி மூட்டையை முன்னால் வைத்துக்கொண்டு ஓட்டினான். பாலம் வழியாக வராமல், ஓடைக்குள் இறங்கி, கருவேலங்காட்டைச் சுற்றிக்கொண்டு வந்தான். நேர் வழி இருக்க இது எதற்கு என்று கேட்டேன். வண்டியை இன்னும் முறுக்கினான். சரி, வருகிறான் இல்லையா, அதுதானே முக்கியம் என்று விட்டுவிட்டேன்.

மெயின் ரோட்டு நிறுத்தத்துக்குப் பஸ் வந்தது. நான் முதலில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்தில் துப்பட்டாவைப் போட்டேன். அவனும் ஏறினான். மூட்டையை மேலே ஏற்றி, விழுந்துவிடாமல் கம்பியோடு சேர்த்து முடிச்சுப் போட்டான். "உட்காருல" என்றேன். முடிச்சை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, இறங்கிவிட்டான்.

இறங்கி, ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றான். டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். எனக்கு வந்ததே ஆத்திரம்.

"ஏறுல. விளையாடுதியா? இன்னைக்கு விட்டா அவ்ளோதான், தெரியும்லா?"

தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"வாரேன்னு சொன்னியா இல்லையா? உன் வாயாலதான சொன்ன?"

"சொன்னேன்."

"அப்புறம் என்ன கொள்ள? ஏ.சி. மெக்கானிக் இருக்கு, நான் விசாரிச்சாச்சு. அங்க ஒருத்தனும் உன்னை வாசிக்கச் சொல்ல மாட்டான். ஊர்ல நாலு பேரு சிரிச்சான்னா அதுக்கு நீ படுத்துக்கிடவா? அம்மா முகத்தப் பாத்தியா? வரப் பிடிக்கலையா, சொல்லு. பயமா இருக்கா, சொல்லு. என் மேல கோவமா, அதையாவது வாயத் திறந்து சொல்லித் தொலை. நான் என்ன பேயா பிசாசா? இத்தன வருஷத்துல உன் மனசுல இருக்கத ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, என்கிட்ட சொல்லியிருக்கியால நீ?"

டிரைவர் ஏறிவிட்டார். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். பஸ் நகர ஆரம்பித்ததும் கூடவே இரண்டு எட்டு நடந்து வந்தான், ஜன்னல் கம்பியில் கையை வைத்துக்கொண்டு. சத்தமே போடவில்லை, டீச்சர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"சொன்னேம்லாக்கா, குளத்தங்கரையில. ஒரே ஒரு தடவ. ஊரு பூராக் கேட்டுட்டுது."